77 கிலோமீட்டரும் ஒரு நர்சிங் சீட்டும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலை ஒட்டிய எங்கள் கடற்கரைப் பக்கத்தில் இருந்து ஒரு பெண் தனியாகத் திருவனந்தபுரத்துக்குப் போகலாம், திருநெல்வேலிக்குப் போகக் கூடாது. திருவனந்தபுரம் வேறு மாநிலம், வேறு மொழி, பரவாயில்லை, அது அறுபது கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறது. திருநெல்வேலி நூறை ஒட்டி வரும். நடுவில் 77 என்று ஒரு கோடு. 2024ல் ஒரு வீட்டு முன்னறையில், சாயா ஆறிக்கொண்டிருக்க, கூகுள் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பெரியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அந்தப் பிள்ளைக்குச் சீட்டு கிடைத்திருந்தது திருநெல்வேலியில்கூட இல்லை, மதுரையில்.

நான் அரசுப் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். சொந்த ஊர் தக்கலைப் பக்கம், நானும் முஸ்லிம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் வெளியே நின்று கல்லெறிகிற ஆள் என்று நினைப்பீர்கள். பெயர்கள் எதையும் எழுதப்போவதில்லை, ஊர்ப் பெயரும் வேண்டாம். அவளைப் 'பிள்ளை' என்றே எழுதுகிறேன், எங்கள் பக்கம் அப்படித்தானே சொல்வோம்.

பிள்ளையின் வாப்பா சவூதியில், தம்மாமில் ஏசி வேலை. உம்மா எட்டாம் வகுப்பு வரை. தம்பி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். வாப்பா ஊரில் இல்லாததால் வீட்டுக்குப் பெரியவர் பெரியவாப்பா, அதாவது வாப்பாவின் அண்ணன், சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை. அப்புறம் வாப்பும்மா, வாப்பாவின் உம்மா. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், ஆனால் அரபுத்தமிழ் கிதாபுகளைச் சரளமாக வாசிப்பார், அதாவது தமிழையே அரபு எழுத்தில் எழுதிய பழைய புத்தகங்களை. தமிழ் எழுத்து தெரியாது, அரபு மொழி புரியாது, இரண்டையும் சேர்த்து வைத்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ராகம் போட்டுப் படிப்பார். இவரைப் 'படிக்காதவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பிள்ளை பிளஸ் டூவில் நல்ல மார்க். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007ல் வந்த 3.5 சதவீத இடஒதுக்கீட்டில், மதுரையில் அரசு நர்சிங் கல்லூரியில் பி.எஸ்சி இடம் கிடைத்தது. கட்டணம் சில ஆயிரம்தான். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். உள்ளூரில் தனியார் கல்லூரியில் சேர்ந்தால் வருடம் லட்சத்துக்கு மேல் என்று அவர்கள் விசாரித்து வைத்திருந்தார்கள். நம் மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கல்லூரி, அதனால் "இங்க இல்லாததா மதுரையில இருக்கு?" என்ற கேள்வி சுலபமாக வந்துவிடும். அங்கே இருப்பது குறைந்த கட்டணம். அதைச் சொன்னால் பேச்சு பணத்தில் இருந்து நழுவி மார்க்கத்துக்குப் போய்விடும்.

அப்படித்தான் போனது. பெரியவாப்பா சொன்னது ஒரே வரி: "மஹ்ரம் இல்லாம 77 கிலோமீட்டருக்கு மேல பொண்ணு போகக் கூடாது, ஹராம்." மஹ்ரம் என்றால் கணவன், அல்லது திருமணம் செய்ய விலக்கப்பட்ட நெருங்கிய ஆண் உறவு. வாப்பா தம்மாமில். மிச்சம் இருந்தது ஒன்பதாம் வகுப்புத் தம்பி. பருவம் எய்திவிட்டானா என்று ஒருவர் மெல்லக் கேட்க, அவன் எழுந்து ஓடியே போய்விட்டான். பஸ்ஸில் அக்காள் மடியில் தலை வைத்துத் தூங்குகிற பயல், அவன்தான் அவளுக்குக் காவல்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளையின் உம்மாதான் கூப்பிட்டார், "டீச்சர் வந்து ரெண்டு வார்த்தை சொன்னா கொள்ளாம்" என்று. போனேன். முன்னறையில் பெரியவாப்பா, அவருடைய நண்பர் ஒருவர், ஒன்றுவிட்ட சாச்சா ஒருவர், அவர் தவ்ஹீத் கொள்கைக்காரர், தர்கா வழிபாட்டை ஏற்காதவர். நடைக்கதவுக்குப் பின்னால் பெண்கள். பிள்ளையும் கதவுக்குப் பின்னால்தான். அவளைப் பற்றிய பேச்சு, அவள் அறைக்குள் இல்லை, யாருக்கும் அது வித்தியாசமாகப் படவும் இல்லை. எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள், டீச்சர் என்பதால்.

பெண் படிக்கக் கூடாது என்று அந்த அறையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. எங்கள் ஊர் மதரசா ஆண்டுவிழா மேடையில் வருடா வருடம் பேனர் கட்டுவார்கள், 'கல்வி தேடுவது முஸ்லிமான ஆண், பெண் இருபாலர் மீதும் கடமை' என்று. (இப்னு மாஜாவின் ஹதீஸ், அதாவது நபிமொழித் தொகுப்பில் உள்ள வாசகத்தில் 'ஒவ்வொரு முஸ்லிம் மீதும்' என்றுதான் இருக்கிறது, 'பெண்' என்ற சொல் பின்னால் வந்த ஒட்டு. பொருள் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் என்று உலமாக்கள் சொல்கிறார்கள், ஆகவே ஒட்டினவர் பேரில் எனக்குக் கோபம் இல்லை.) அந்தப் பேனருக்குச் சந்தா கொடுக்கிறவர்களில் பெரியவாப்பாவும் ஒருவர். படிக்கட்டும், யார் வேண்டாம் என்றது, ஆனால் போகக் கூடாது. எங்கள் பக்கத்தில் பெண் கல்விக்கு எதிர்ப்பு இப்போது இந்த உருவத்தில்தான் வருகிறது. பயணம், விடுதி, துணை, ஊர்ப் பேச்சு என்று ஒவ்வொன்றாக வரும், 'படிக்காதே' என்ற சொல் மட்டும் வரவே வராது. அதனால் 'இஸ்லாம் பெண் கல்வியை ஆதரிக்கிறது' என்று ஆயிரம் ஆதாரம் காட்டினாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை, எதிரே இருக்கிறவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார். நான் முதல் அரை மணி நேரத்தை அப்படித்தான் வீணாக்கினேன்.

பிறகு கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு நோட்டு வந்தது. உம்மா கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பிள்ளை மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தாள், ஹதீஸ் எண்கள் சிவப்பு மையில். தாவரவியல் நோட்டில்கூட இவ்வளவு ஒழுங்கு நான் பார்த்ததில்லை.

அவள் எழுதியிருந்ததை என் வார்த்தையில் சொல்கிறேன். பெண்ணின் பயணம் பற்றிய செய்தி புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பிலேயே பல விதமாக இருக்கிறது. இப்னு உமர் அறிவிப்பதில் 'மூன்று நாள்' பயணம் (1086). அதற்கு இரண்டு எண் தள்ளி அபூஹுரைரா அறிவிப்பதில் 'ஒரு பகல் ஓர் இரவு' (1088). அபூஸயீத் அல்குத்ரி அறிவிப்பதில் இரண்டு நாள். இப்னு அப்பாஸ் அறிவிப்பதில் தூரமும் நாளும் எதுவுமே இல்லை, மஹ்ரம் இல்லாமல் பயணம் வேண்டாம், அவ்வளவுதான். கிலோமீட்டர் எதிலும் இல்லை. 77 எங்கிருந்து வந்தது என்றால், ஒட்டகக் கூட்டம் ஒரு நாளில் கடக்கும் தூரம் சுமார் 16 மைல், மூன்று நாளுக்கு 48 மைல், அதைக் கிலோமீட்டராக்கினால் 77. ஹனஃபி மத்ஹபின், அதாவது அந்தச் சட்டப் பிரிவின், மூன்று நாள் நிபந்தனையை வைத்து நம் நாட்டு ஆலிம்கள் போட்ட கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த 77ஐ இன்றைக்கு நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம். அப்படியானால் சட்டம் எதன் மேல் நிற்கிறது, மூன்று நாள் மேலா, 48 மைல் மேலா, இல்லை வழியில் இருந்த ஆபத்தின் மேலா? அடிக்கோடு போட்டு இதைக் கேள்வியாகவே விட்டிருந்தாள், பதில் எழுதவில்லை. கெட்டிக்காரி.

மூன்றாம் பக்கத்தில் இரண்டு செய்தி. ஒன்று அதீ இப்னு ஹாத்திம் அறிவிப்பது: ஹீராவில் இருந்து ஒரு பெண் ஒட்டகச் சிவிகையில் தனியாகக் கிளம்பி, அல்லாஹ்வைத் தவிர யாருக்கும் அஞ்சாமல் கஃபாவை வந்து சுற்றுவாள் என்று நபி சொன்னார்கள், அதைத் தன் கண்ணாலேயே பார்த்தேன் என்கிறார் அவர். ஹீரா இராக்கில், கஃபா மக்காவில், 77 அதில் எத்தனை தடவை அடங்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ருபையிஃ பின்த் முஅவ்வித் என்ற சஹாபிப் பெண், அதாவது நபித்தோழி, சொன்னது: நபியோடு நாங்கள் போர்களுக்குப் போவோம், தண்ணீர் கொடுப்போம், காயம்பட்டவர்களுக்கு மருந்திடுவோம், இறந்தவர்களை மதீனாவுக்குக் கொண்டுவருவோம் என்று. இதன் கீழே பிள்ளை 'நர்சிங்' என்று ஒரே சொல்லை எழுதி வட்டம் போட்டிருந்தாள்.

அதீ ஹதீஸைத் தவ்ஹீத் சாச்சா பிடித்துக்கொண்டார். "அச்சம் இல்லைன்னா போகலாம்னுதான் இதுல வருது காக்கா." இதே சாச்சா தர்காவுக்குப் போவதை ஷிர்க், இணைவைப்பு என்று சொல்லி வாப்பும்மாவோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர். தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவுக்குப் போகக் கூடாது, மதுரைக்கு நர்சிங் படிக்கப் போகலாம். பழைமைவாதி, முற்போக்காளர் என்று மனிதர்களை இரண்டு பெட்டியில் போட்டு வைப்பவர்கள் எங்கள் ஊருக்கு ஒருநாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

பெரியவாப்பா அசையவில்லை. அது எதிர்காலத்தில் நடக்கும் என்று சொன்ன செய்தி, அனுமதி ஆகாது என்றார். இது அவர் வாதம் மட்டும் அல்ல, பழைய அறிஞர்களும் இதையே சொல்லியிருக்கிறார்கள், ஆகவே அவரை ஒன்றும் தெரியாதவர் என்று ஒதுக்க முடியாது. சாச்சாவும் அவரும் மாறி மாறிப் பேச, மூன்றாமவர் மொபைலில் ஒரு பயானை, மார்க்கச் சொற்பொழிவை, போட, சத்தம் கூடிக்கொண்டே போனது.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் இருந்து வாப்பும்மாவின் குரல்.

"எடேய், போன கந்தூரிக்கு நாங்க எட்டு பொம்பளைய ஏர்வாடிக்குப் போனோமே, ரெண்டு ராத்திரி தங்கினோமே. அதுல எத்தனை ஆம்பளை வந்தான்?"

பதில் இல்லை.

"வேன் டிரைவர் ஒருத்தன். அவன் எனக்கு மஹ்ரமா? வேனைப் பேசிவிட்டது யாரு? நீதானே!"

ஏர்வாடி தர்கா இராமநாதபுரம் மாவட்டத்தில், கந்தூரி அதன் திருவிழா. இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பெரியவாப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வேற என்றார். எப்படி வேற என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சங்கடமாகப் போயிருக்கும். கிழவிகள் கூட்டமாகப் போவதற்கும் பதினெட்டு வயசுப் பிள்ளை தனியாகப் போவதற்கும் ஊர்க் கண்ணில் வித்தியாசம் உண்டுதான், ஆனால் கிதாபில் அந்த வித்தியாசம் எழுதியிருப்பதாகத்தானே அதுவரை பேசிக்கொண்டிருந்தார்கள்?

சாயா இரண்டாம் ரவுண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் பெரியவாப்பா உண்மையில் எதற்குப் பயப்படுகிறார் என்பது வெளியே வந்தது. பத்து வருடத்துக்கு முன் குடும்பத்தில் இன்னொரு பிள்ளையை அவரே கையெழுத்துப் போட்டு வெளியூர் விடுதியில் சேர்த்திருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்து நாலு நாள் வரை வீட்டுக்குத் தகவல் இல்லை. பிழைத்துக்கொண்டாள், படிப்பு போயிற்று. தெருவில் ஒவ்வொருவரும் இவரைத்தான் கேட்டார்கள். "நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா தம்பிக்கு நான்தான் டீச்சரம்மா பதில் சொல்லணும். எனக்கு அங்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் வேறாக இருந்தது. ஹராம் என்று சொன்ன குரல் இல்லை. நான் ஒரு மணி நேரமாக ஹதீஸ் எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது மதுரையில் ஒரு போன் நம்பர். ஆசிரியராக இத்தனை வருடம் பெற்றோர் கூட்டம் நடத்தியும் இதை முதலில் கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அவர்களுக்கே மதுரை காஜிமார் தெருவில் தூரத்து உறவு ஒன்று உண்டு. அன்றைக்கே பேசினோம். விடுதிப் பொறுப்பாளர் எண்ணையும் வாங்கிக் கொடுத்தேன்.

ஆனாலும் மார்க்கத் தீர்ப்பு ஒன்று வேண்டும் என்றார். சரி, பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம், அதாவது இமாமிடம், போவோம் என்று அஸருக்கு, சாயங்காலத் தொழுகைக்குப் பிறகு அவரும் சாச்சாவும் போனார்கள், நான் வண்டியில் பின்னால். எனக்குப் பள்ளிவாசல் பக்கத்து ஹஸ்ரத் வீட்டுத் திண்ணை வரை அனுமதி.

ஹஸ்ரத் நிதானமான மனிதர். நோட்டை முழுக்கப் படித்தார். எடுத்த எடுப்பிலேயே ஒன்று சொன்னார், "இந்த 77 நம்ம மத்ஹப் கணக்கே இல்லையே, ஹனஃபி கணக்குல்லா. சுபுஹுல குனூத் ஓதுற ஆளு நீங்க, பயணத்துக்கு மட்டும் ஹனஃபியா?" எங்கள் கரையோர ஜமாஅத் ஷாஃபி மத்ஹப், சுபுஹுத் தொழுகையில் குனூத் என்ற துஆ ஓதுவது அதன் வழக்கம். ஷாஃபியில் பெரும்பான்மைக் கருத்துப்படி தூரக் கணக்கே கிடையாது, கடமை இல்லாத பயணம் என்றால் பக்கத்து ஊரும் அதே சட்டம்தான். அந்த விதத்தில் ஹனஃபியைவிடக் கடுமை. ஆனால் கடமையான ஹஜ் என்று வந்தால் மஹ்ரம் இல்லாமல் நம்பகமான பெண்கள் கூட்டத்தோடு போகலாம் என்கிறது, அந்த விதத்தில் ஹனஃபியைவிட இளக்கம். யூடியூபில் கேட்ட ஒரு மத்ஹபின் கோட்டை இன்னொரு மத்ஹப்காரர் தன் வீட்டில் கிழித்து வைத்திருந்தார், அதைத்தான் மார்க்கம் என்று நாங்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றி வந்தோம்.

அடுத்து ஹஸ்ரத் கேட்டது, இந்தப் படிப்பு கடமையா இல்லையா. மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா, சமூகத்தில் போதுமான ஆட்கள் கற்றுக்கொண்டால் மற்றவர்கள் மேல் குற்றம் இல்லை, ஒருவருமே கற்காவிட்டால் எல்லார் மேலும் குற்றம். 1111ல் இறந்த இமாம் கஸ்ஸாலி, ஷாஃபி மத்ஹபின் பெரிய தூண், அவரே குறைப்பட்டிருக்கிறார், எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லை, எல்லாரும் சட்ட விவாதம் படிக்கத்தான் முண்டியடிக்கிறார்கள் என்று. இதைச் சொல்லிவிட்டு ஹஸ்ரத், "நம்ம ஜமாஅத்துல நர்சு படிச்ச பொம்பளை எத்தனை பேரு?" என்றார். பெரியவாப்பா விரல் விட்டு எண்ணினார். ஒரு கை போதுமாக இருந்தது. ஆக, இந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பான விடுதி, நம்பகமான பெண்கள் துணையோடு போக்குவரத்து என்றால் போகலாம் என்பது என் கருத்து என்றார்.

அதே கல்லூரியில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள், ஒருத்தி கருங்கல், ஒருத்தி திருவட்டாறு. மூன்று பேரும் ஒன்றாகவே போய் வரலாம். பெரியவாப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார், "அவங்க நம்ம ஆளுங்க இல்லையே ஹஸ்ரத்." ஹஸ்ரத் திருப்பிக் கேட்டார், "ஜும்மாவுக்கு வரும்போது கல்லாச் சாவியை யார்ட்ட கொடுத்துட்டு வாறீங்க?" கடையில் கணக்கு எழுதுவது பக்கத்துத் தெருக் கிறிஸ்தவப் பெண், பன்னிரண்டு வருடமாக. பெரியவாப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

இரண்டு விஷயம் மிச்சம் இருந்தது. இந்தக் கட்டுரையையே அந்த இரண்டுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலாவது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாதி இடம் காலியாக இருந்தது. நான் ஹஸ்ரத்திடம், நீங்கள் சொன்னதை இதில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். அவர் நோட்டை மூடி என்னிடமே தந்தார். "இது வாயோட இருக்கட்டும் டீச்சர்." ஏன் என்று நான் கேட்கவில்லை, தெரியாதா என்ன. அவருக்குச் சம்பளம் ஜமாஅத் கொடுக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து 'ஹஸ்ரத் பெண்களை ஊர்விட்டு அனுப்புகிறார்' என்று ஒரு வெள்ளிக்கிழமை எழுந்து நின்றால் அடுத்த மாதம் அவர் பெட்டி கட்ட வேண்டியதுதான். தடையைச் சொல்ல மைக் இருக்கிறது, எங்கள் பள்ளியிலேயே அதே வருடம் ஒரு ஜும்மா பயானில் பெண்கள் தனியாகப் பஸ் ஏறுவதைப் பற்றி வெளியூர்ப் பேச்சாளர் கால் மணி நேரம் முழங்கிவிட்டுப் போனார். அனுமதி மட்டும் திண்ணையில், அஸருக்குப் பிறகு, காதோடு.

இரண்டாவது. எல்லாம் பேசி முடித்த பிறகு பெரியவாப்பா சொன்னார், நாலு வருசம் வெளியே இருக்கிற பிள்ளை, ஒரு இடத்தில் பேசி வைத்துவிட்டு அனுப்புவோம். ஒரு வாரத்தில் பேசினார்கள். உறவுக்காரப் பையன், கத்தாரில் வேலை. பிள்ளையிடம் சொன்னார்கள், அது கேட்டது ஆகாது. இத்தனைக்கும் பெண்ணிடம் கேட்காமல் நிக்காஹ் செய்யக் கூடாது என்று புகாரியிலேயே நேராக இருக்கிறது. கன்ஸா பின்த் கிதாம் என்ற, ஏற்கெனவே ஒருமுறை மணமாகியிருந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகத் தகப்பன் கட்டிக் கொடுக்க, அவள் நபியிடம் போய் முறையிட, அந்த நிக்காஹ் ரத்து செய்யப்பட்டது, அதுவும் புகாரியில்தான் இருக்கிறது. இதற்கு யாரும் கிதாபைப் புரட்டவில்லை. ஹஸ்ரத்திடம் போவோம் என்று யாரும் வண்டியைக் கிளப்பவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, சீட்டு போய்விடக் கூடாது என்ற கவலையில் இதை விட்டுவிட்டேன், சரியாகச் சொன்னால் விற்றுவிட்டேன். பிள்ளை என்னிடம், "அதை நாலு வருசம் கழிச்சுப் பாத்துக்கிடுதேன் டீச்சர்" என்றாள். அவள் சொன்ன மாதிரியே நடக்கட்டும்.

மதுரையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், 2024 டிசம்பரில் ஆப்கானிஸ்தானில் பெண்கள் நர்சிங், பிரசவம் பார்க்கும் படிப்புகளும் படிக்கக் கூடாது என்று தாலிபான்கள் நிறுத்திவிட்ட செய்தி வந்தது. அங்கே 2021 செப்டம்பரில் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பள்ளிகளை ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்தார்கள், 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத்தை மூடினார்கள், மிச்சம் இருந்த கடைசிக் கதவுகளில் ஒன்று இது. பிள்ளை இரவு பதினொரு மணிக்கு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். ஒரு நாட்டில் ஆண் டாக்டர் பெண்ணைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டு பெண்ணை நர்சும் ஆகவிடாமல் தடுத்தால் பிரசவத்தை யார் பார்ப்பார்கள் டீச்சர் என்று. அன்றைக்கு அவர்களுக்கு வகுப்பில் எடுத்ததும் ஏதோ பிரசவம் சம்பந்தப்பட்டதுதானாம், அதனால் இன்னும் கோபம்.

2022ல் பல்கலைக்கழகத் தடை வந்தபோது அல்அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அல்தய்யிப் அது ஷரீஅத்துக்கே முரண் என்று அறிக்கை விட்டார். இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பும் கண்டித்தது. 2025 ஜனவரியில் தாலிபான்களின் துணை வெளியுறவு அமைச்சராக இருந்த அப்பாஸ் ஸ்டானிக்சாயே ஒரு பட்டமளிப்பு மேடையில், பெண் பிள்ளைகளைத் தடுப்பதற்கு ஆதாரம் கிடையாது, நாம் அநியாயம் செய்கிறோம் என்று பேசினார். அப்புறம் அவர் நாட்டைவிட்டே வெளியேறிவிட்டதாகச் செய்தி வந்தது. மைக்கில் சொன்னால் இதுதான் கதி என்று எங்கள் ஹஸ்ரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. (எங்கள் ஊரைக் காபூலோடு ஒப்பிடவில்லை. இங்கே ஒரு பிள்ளைக்குச் சட்டம் இருக்கிறது, சீட்டு இருக்கிறது, வாப்பும்மா இருக்கிறார்.)

அதே நேரம், எழுத்தில் வந்தவை என்ன ஆயிற்று என்று பாருங்கள். 2018ல் இந்திய ஹஜ் கொள்கை 45 வயது தாண்டிய பெண்கள் நாலு பேருக்குக் குறையாமல் சேர்ந்தால் மஹ்ரம் இல்லாமல் போகலாம் என்று எழுத்தில் போட்டது. 2019ல் சவூதியில் 21 வயதான பெண் ஆண் பொறுப்பாளர் அனுமதி இல்லாமல் பாஸ்போர்ட் எடுத்துப் பயணம் போகலாம் என்று சட்டம் வந்தது, பிள்ளையின் வாப்பா வேலை பார்க்கிற அதே நாட்டில். எங்கள் மாவட்டத்துக் கதையே இருக்கிறதே. நாடார் பெண்கள் மேலாடை அணியலாமா என்ற தோள்சீலை விவகாரத்தில், திருவிதாங்கூரில் ஆங்கில ரெசிடென்டாக இருந்த மன்றோ காலத்தில் ஓர் உத்தரவு, 1829ல் அதை மறுத்துத் திருவிதாங்கூர் ராணியின் அறிவிப்பு, கடைசியில் 1859 ஜூலை 26ல் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிகிற விதத்தில் அல்ல என்று ஓர் அரைகுறை அறிவிப்பு. அரைகுறைதான், ஆனால் எழுத்தில் இருந்தது, அடுத்த ஆள் அதைப் பிடித்து மேலே ஏற முடிந்தது, ஆறு வருடத்தில் மற்ற சாதிகளுக்கும் வந்தது. ஆயிரம் பேர் அடி வாங்கி வந்த அறிவிப்பை ஒரு திண்ணைப் பேச்சோடு வைத்துப் பார்ப்பது கொஞ்சம் அதிகப்படிதான். இருந்தாலும் அந்தக் காலியாக இருந்த பாதிப் பக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

வாப்பும்மாவின் உம்மா காலத்துக் கதை ஒன்று உண்டு. நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குப் பள்ளி தொடங்கி இருநூறு வருடம் தாண்டிவிட்டது, அதன் வழியாக வந்த பள்ளிகள் மெல்ல மெல்லக் கடற்கரை வரை வந்திருக்கின்றன. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் பள்ளிக்கூடம், போனால் மதம் மாற்றிவிடுவார்கள் என்று எங்கள் பெண்களை அனுப்பவில்லை. அந்தப் பயத்துக்கு அன்றைக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. "உம்மா வாசல்ல நின்னு அந்தப் பிள்ளைய போறதப் பாத்துக்கிட்டே நிப்பாளாம்" என்று வாப்பும்மா ஒருமுறை சொன்னார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கிதாபைத் திறந்துகொண்டார்.

2025ல் அதே தெருவில் இன்னொரு பிள்ளைக்குத் திருநெல்வேலியில் இடம் கிடைத்தது. இவளுடைய வாப்பா உள்ளூரில்தான், மீன் கம்பெனியில் வேலை. ஆனால் தினம் கூடப் போய்வர முடியுமா? மறுபடி 77. நான் தெம்பாகப் போய், போன வருடம் இதே ஜமாஅத் ஹஸ்ரத் சொல்லியிருக்கிறார், கேட்டுப் பாருங்கள் என்றேன். அந்த வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவரு ரமலானோட வேற ஊருக்குப் போயிட்டாரே டீச்சர். இப்ப இருக்கிற ஹஸ்ரத் புதுசு."

புது ஹஸ்ரத்திடம் போனோம். இளைஞர், மரியாதையாகப் பேசினார். பழைய ஹஸ்ரத் அப்படிச் சொன்னதாக ஏதாவது பதிவு இருக்கிறதா என்று கேட்டார். பெரியவாப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். கடையைப் போட்டுவிட்டு வந்தார், வந்து, ஆமாம் சொன்னார், எங்க பிள்ளை விஷயத்துக்கு மட்டும் சொன்னார் என்றார். 'மட்டும்' என்று அவரே சேர்த்துக்கொண்டார். புது ஹஸ்ரத், பெரிய உஸ்தாதைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார். கேட்டுச் சொல்வதற்குள் சேர்க்கைக் கெடு முடிந்துவிட்டது.

அந்தப் பிள்ளை இப்போது உள்ளூரிலேயே தனியார் கல்லூரியில் லோன் போட்டுப் படிக்கிறாள். அவளுடைய தங்கை என் வகுப்பில் இருக்கிறாள், பிளஸ் ஒன். போன வாரம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, "டீச்சர், அந்த ராத்தா எழுதின மூணு பக்கம் உங்ககிட்ட இருக்காமே" என்றாள். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது தாளில் கீழ்ப் பாதி வெள்ளையாகவே வந்திருந்தது. "இதுல ஏதோ விட்டுப்போச்சு டீச்சர்" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.